பழைய டீசல் பிக்கப்: இன்ஜின் வேலை பாக்கறதா, வித்துட்டு புது வண்டி எடுக்கறதா?

வண்டியே ரெண்டு லட்சத்துக்குத்தான் போகும், அதுக்குப் போய் ஒரு லட்சம் செலவு பண்ணி இன்ஜின் வேலை பாக்கணுமான்னு யோசிக்காத லோடு வண்டிக்காரர் இருக்க மாட்டார். டாடா 207, பொலிரோ பிக்கப், மேக்ஸி டிரக், தோஸ்த், குட்டி யானைங்கற டாடா ஏஸ்னு எதுவா இருந்தாலும் பத்து வருஷம் தாண்டினா ஒரு நாள் ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு, ஆனா கணக்கை ஆரம்பிக்கற இடமே தப்புன்னு தான் நான் சொல்லுவேன். ஏன்னா வண்டியோட ரீசேல் மதிப்பு நாளைக்கே விக்கப் போறவருக்குத் தான் முக்கியம். ஓட்டிட்டு இருக்கப் போறவருக்கு அந்த ஒரு லட்சத்துக்கு எதிர்ல நிக்கறது புது வண்டியோட டியூ.

ஒரு பேச்சுக்கு 7 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்கங்க. மாசம் சுமார் 15,200 ரூபா டியூ வரும். அப்போ ஒரு லட்ச ரூபா இன்ஜின் வேலைங்கறது ஆறரை மாச டியூ. வேலை பாத்த வண்டி ஒன்றரை வருஷம் பெரிய தொந்தரவு இல்லாம ஓடிட்டாலே நீங்க ஜெயிச்சுட்டீங்க, இதுல முன்பணமா கைல இருந்து போடற ஒன்றரை ரெண்டு லட்சத்தை நான் இன்னும் சேக்கவே இல்ல. அதுவும் போக டியூவுக்கு மழைக்காலம், சீசன் இல்லாத மாசம், டிரைவர் வராத வாரம்னு எதுவும் தெரியாது, தேதி வந்தா கட்டணும். பழைய வண்டி லோடு இல்லேன்னா சும்மா வேப்ப மரத்தடில நிக்கும், அன்னிக்கு ஒரு பைசா கேக்காது.

சரி அப்போ எல்லாரும் பழைய வண்டிக்கே வேலை பாத்துட்டுப் போலாமேன்னா அதுவும் இல்ல. இந்தக் கணக்கு நிக்கறது ரெண்டே ரெண்டு விஷயத்து மேல, ஒண்ணு சேஸ், இன்னொண்ணு பேப்பர். இன்ஜின் மூணாவது தான். ஆனா நம்ம ஆளுங்க 90 சதவீத நேரம் பேசறது இன்ஜினைப் பத்தி மட்டும் தான்.

முதல்ல சேஸ். இன்ஜின், கியர்பாக்ஸ், ஹவுசிங் எல்லாம் கழட்டி மாட்டற சாமான், காசு இருந்தா புதுசாக்கிடலாம். அதையெல்லாம் தாங்கற அந்த ரெண்டு நீளமான இரும்பு சட்டம் துருப்பிடிச்சா அதை மாத்தறது கிட்டத்தட்ட வண்டியையே மாத்தற வேலை, சேஸ் நம்பர் அதுல தான் அடிச்சிருக்குங்கறதால ஆர்டிஓ பக்கமும் சிக்கல். அதனால வண்டி எங்க ஓடினது, என்ன லோடு ஏத்தினதுங்கறது எத்தனை கிலோமீட்டர் ஓடினதுங்கறதை விட முக்கியம். தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் மீன் லோடு அடிச்ச வண்டியைப் பாருங்க, ஐஸ் உருகி உப்புத் தண்ணி தொட்டி சந்து வழியா சொட்டிக்கிட்டே இருக்கும், அது போய் நிக்கற இடம் சேஸோட உள் மடிப்பு, கிராஸ் மெம்பர்ங்கற குறுக்குச் சட்டம் சேர்ற மூலை. வேதாரண்யம் பக்கம் உப்பு ஏத்தின வண்டியும் இதே கதை. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், கீழ படுத்து ஒரு சின்ன சுத்தியலால தட்டிப் பாத்தா நல்ல இரும்பு 'ணங்'னு கேக்கும், இத்துப் போன இடம் 'டொப்'புன்னு கேக்கும், ஸ்க்ரூ டிரைவர் வெச்சுக் குத்தினா செதில் செதிலா உதிரும். ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி அடிச்ச வண்டி அதே வயசுல கீழ கல்லு மாதிரி இருக்கும்.

செங்கல், எம்சாண்ட், ஜல்லி அடிச்ச வண்டிக்கு துரு பெரிசா இருக்காது, அங்க பிரச்சனை விரிசல். லோடு தாங்கலைன்னு பின்னாடி ஸ்ப்ரிங்ல ரெண்டு பட்டை சேத்துப் போட்டிருப்பாங்க, பட்டை வளையாது, பட்டை வளையலைன்னா அந்த அடி முழுசும் பட்டையைப் பிடிச்சிருக்கற பிராக்கெட் வழியா சேஸுக்குத் தான் போகும். அந்த பிராக்கெட் சுத்தி ரிவெட் பக்கத்துல முடி மாதிரி ஒரு கோடு தெரியுதா, ஏற்கனவே தகடு வெச்சு வெல்டிங் அடிச்சிருக்கான்னு பாக்கணும். ஒரு இடத்துல ஒழுங்கா தகடு வெச்சு அடிச்சிருந்தா பரவால்ல, மூணு நாலு இடத்துல ஒட்டு போட்டிருந்தா அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை பாக்கறது வேஸ்ட், எத்தனை நல்ல மெக்கானிக் சொன்னாலும். நீலகிரி பக்கம் கேரட், முட்டைக்கோஸ் இறக்கின மலை வண்டின்னா சேஸ் பெரும்பாலும் நல்லாவே இருக்கும், ஆனா கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் மூணுக்கும் தனியா பட்ஜெட் வெச்சுக்கணும்.

இப்போ இன்ஜின். புகை தள்ளுதுன்னு சொன்ன உடனே ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு புது பிஸ்டன் போடற முழு வேலைன்னு முடிவு பண்ணாதீங்க. கறுப்புப் புகைன்னா பெரும்பாலும் டீசல் எரியல, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், நாசில் ஒழுகலாம், பம்ப் செட்டிங் கூட்டி வெச்சிருக்கலாம், இது எல்லாமே சின்ன செலவு. நீலப் புகை தான் ஆயில் சாப்பிடற புகை. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிக்காம ரேடியேட்டர்ல தண்ணியும் குறையுதுன்னா ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்படணும். ரோட்டோர மெக்கானிக் பண்ற ஒரு டெஸ்ட் இருக்கு, நல்லா சூடான இன்ஜினை ஐடில்ல விட்டுட்டு ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி அதே வாய் மேல சும்மா கவுத்து வைப்பார். கம்ப்ரஷன் நல்லா இருந்தா மூடி லேசா அதிரும் அவ்ளோ தான், ரிங் தேஞ்சு பேக் கம்ப்ரஷன் அடிக்குதுன்னா, அதாவது எரிஞ்ச காத்து பிஸ்டனைத் தாண்டி கீழ கசியுதுன்னா குபுகுபுன்னு புகை வந்து மூடி குதிச்சு கீழ விழும். இது துல்லியமான டெஸ்ட் இல்ல, ஆனா கேஜ் போட்டு கம்ப்ரஷன் பாக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண இது போதும். ஒரே ஒரு சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரஷன் கம்மின்னா வால்வு உக்காரலையோ என்னமோ, ஹெட்டை இறக்கிப் பாத்துட்டு அப்புறம் பேசலாம், நாலுமே கம்மின்னா முழு வேலை தான்.

அந்த முழு வேலைக்கு என்ன ஆகுங்கறது வண்டி எந்தத் தலைமுறைங்கறதைப் பொறுத்தது, இங்க தான் பாதி பேர் ஏமாறுறாங்க. 207 டிஐ மாதிரி பழைய வண்டில இருக்கறது 497 குடும்பத்து இன்ஜின், 4 சிலிண்டர், 97 மிமீ போர், 2956 சிசி. இதே குடும்பம் 407லயும் ஓடினதால லைனர், பிஸ்டன், பேரிங்னு எந்த டவுன்லயும் சாமான் கிடைக்கும், கிராங்க் கிரைண்டிங் பண்ண லேத்தும் கிடைக்கும், வேலை தெரிஞ்ச கையும் கிடைக்கும். இதுல இன்ஜெக்டர்ங்கறது சுமார் 200 பார் பிரஷர்ல திறக்கற ஒரு ஸ்ப்ரிங் சாமான், நாசிலை மாத்தி பிரஷர் செட் பண்ணிக் குடுத்துடுவாங்க. பழைய பொலிரோ பிக்கப்போட 2523 சிசி டிஐ இன்ஜினும் கிட்டத்தட்ட இந்த ஜாதி தான். இந்த ரகத்துக்கு, சேஸ் நல்லா இருந்தா, வேலை பாக்கறதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து அதிக பிரஷர்ல டீசல் போற காமன் ரயில் வந்த பிறகு கதை மாறிடுச்சு. 2011ல வந்த தோஸ்த்தோட 1.5 லிட்டர் மூணு சிலிண்டர் இன்ஜின், அப்புறம் பொலிரோ பிக்கப்ல வந்த காமன் ரயில் 2.5, இதுலல்லாம் ரயில் பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல தாராளமா போகும், இன்ஜெக்டரைத் திறக்கறது கம்ப்யூட்டர். டீசல்ல கொஞ்சம் தண்ணி கலந்துட்டா போதும், ஃபில்டர் மாத்தாம விட்டா போதும், இன்ஜெக்டர் போயிடும், அதை ரோட்டோரத்துல பிரிச்சுப் பாக்க முடியாது, டெஸ்ட் பெஞ்ச் இருக்கற கடைக்குத் தான் போகணும். அதனால பிஎஸ்4 (பிஎஸ்ங்கறது அரசோட புகைக் கட்டுப்பாட்டு விதி, நம்பர் கூடக் கூட கெடுபிடி கூடும்) காமன் ரயில் வண்டிக்கு வேலை பாக்கறதா இருந்தா பிஸ்டன் ரிங் எஸ்டிமேட்டோட நிறுத்தாதீங்க, எல்லா இன்ஜெக்டரையும் பெஞ்ச்ல போட்டு ரிட்டர்ன்ல திரும்பி வர்ற டீசல் அளவு பாத்து, ஹை பிரஷர் பம்ப், டர்போ ரெண்டையும் சேத்து ஒரு எஸ்டிமேட் வாங்குங்க. ரிங் மாத்தி 60,000 செலவு பண்ணி வெளிய வந்த வண்டி அடுத்த மாசமே இன்ஜெக்டர் போய் நிக்கறது அடிக்கடி நடக்கற விஷயம், தேஞ்ச இன்ஜெக்டர் அளவில்லாம டீசலைக் கொட்டினதால தான் பிஸ்டனே போயிருக்கும், நோயை விட்டுட்டு காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போட்டா அப்படித்தான்.

பிஎஸ்6 டீசல் வந்ததுல இருந்து பழைய வண்டி டீசல் பம்ப் எல்லாம் தேயுதுன்னு ஒரு பேச்சு பம்ப் ரிப்பேர் கடைகள்ல கேக்கலாம். இதுல பாதி உண்மை இருக்கு. 2020 ஏப்ரல் 1ல இருந்து நாடு முழுக்க வர்ற டீசல்ல கந்தகம் 10 பிபிஎம் தான், அதுக்கு முன்னாடி பிஎஸ்4 டீசல்ல 50 வரைக்கும் இருக்கலாம். கந்தகத்தை எடுக்கற அந்த பிராசஸ்ல டீசலோட இயற்கையான வழவழப்பும் குறையும், அதை ஈடு கட்டத் தான் அடிட்டிவ் கலக்கறாங்க, வழவழப்பு இவ்ளோ இருக்கணும்னு தர நிர்ணயமே இருக்கு. ஒழுங்கான பங்க்ல அடிச்சா பயப்பட ஒண்ணுமில்ல. பம்ப் தேயறதுக்கு பழைய டேங்க்ல அடில தேங்கின தண்ணியும் துருவும் தான் பெரும்பாலும் காரணம், இன்ஜின் வேலை பாக்கறப்பவே டேங்கைக் கழட்டிக் கழுவிடுங்க, செலவு ரொம்ப கம்மி.

மைலேஜ் பத்தி. ஷோரூம்ல முதல்ல சொல்றது இது தான், புது வண்டி டீசல் மிச்சம் பண்ணும் அதுலயே டியூ கட்டிடலாம்னு. போட்டுப் பாப்போம். பழசு லிட்டருக்கு 11, புதுசு 14, டீசல் 92 ரூபான்னு வெச்சுக்கங்க. மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடறவருக்கு சுமார் 29 லிட்டர் மிச்சம், 2,700 ரூபா. டியூ 15,200. மாசம் 4,000 ஓடறவருக்கு 78 லிட்டர், 7,200 ரூபா கிட்ட வரும், கிட்டத்தட்ட பாதி டியூ. அதாவது ஊருக்குள்ள ஹார்டுவேர் கடை டெலிவரி, சொந்த தோட்டத்து தேங்காய், வாரச் சந்தைன்னு கொஞ்சமா ஓடறவருக்கு மைலேஜ் ஒரு காரணமே இல்ல. தினமும் ஓசூர்-சென்னைன்னு ஓடறவருக்கு அது நிஜமான காரணம், அதுக்கு மேல பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, நடுவழில நின்னா அந்த பார்ட்டி அடுத்த தடவை கூப்பிட மாட்டான். நின்ன நாளோட வாடகை மட்டும் நஷ்டம்னு நினைக்காதீங்க, கான்ட்ராக்ட் லோடு ஓட்டறவருக்கு பழைய வண்டியோட உண்மையான செலவு அங்க தான் ஒளிஞ்சிருக்கு.

குறைஞ்ச ஓட்டத்துக்கு புது டீசல் எடுக்கறதுல இன்னொரு கூத்தும் இருக்கு. பிஎஸ்6 வண்டில சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிச்சு வைக்கற ஃபில்டர், டிபிஎஃப்னு சொல்றது, இருக்கு. அது பிடிச்ச கரியை அப்பப்ப எரிச்சுத் தள்ளணும், அதுக்கு புகை 600 டிகிரி கிட்ட சூடாகணும், அதுக்கு வண்டி ஹைவேல கொஞ்ச நேரம் விடாம ஓடணும். ரெண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி ரெண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தற மளிகை டெலிவரி வண்டிக்கு அந்த சூடே வராது, விளக்கு எரியும், பவர் குறையும், சர்வீஸ் சென்டர்ல லேப்டாப் மாட்டித் தான் சரி பண்ணணும். இந்தத் தலைவலிக்குப் பயந்து தான் மார்க்கெட்ல 2018, 2019 மாடல் பிஎஸ்4 வண்டிக்கு இவ்ளோ கிராக்கி. ஊருக்குள்ள மட்டும் ஓடற ஆள் மாத்தியே ஆகணும்னா டீசல் தான் வேணுங்கற பழக்கத்தை விட்டுட்டு பெட்ரோல், சிஎன்ஜி, எலக்ட்ரிக் பக்கம் ஒரு பார்வை பாக்கலாம், குட்டி யானை பேர்லயே 2025 ஜூன்ல வந்த ஏஸ் புரோ பெட்ரோல், சிஎன்ஜி கலந்தது, எலக்ட்ரிக்னு தான் வந்துச்சு, விலை 3.99 லட்சத்துல ஆரம்பிச்சுது. ஆனா அதோட லோடு 750 கிலோ தான், ஒன்றரை டன் ஏத்தறவர் அதைப் பாத்து மயங்க வேண்டாம்.

இப்போ பேப்பர். 15 வருஷம் ஆனா கவர்மென்ட் வண்டியைப் பிடிச்சு நசுக்கிடும்னு வாட்ஸ்அப்ல சுத்திட்டே இருக்கு. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் தடைங்கறது டெல்லியும் அதைச் சுத்தின பகுதியும் சம்பந்தப்பட்டது, தமிழ்நாட்டுல அப்படி ஒரு தடை இல்ல. 2023 ஏப்ரல் 1ல இருந்து 15 வருஷம் தாண்டினா பதிவு ரத்துன்னு வந்தது அரசு வண்டிகளுக்கு. நம்ம வண்டி எஃப்சில, அதாவது ஆர்டிஓவோட தகுதிச் சான்றிதழ் சோதனைல, பாஸ் ஆகற வரைக்கும் ஓட்டலாம். ஆனா எஃப்சி தான் மெல்ல மெல்ல கழுத்தை இறுக்கும், 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம் காட்டணும். 2021 அக்டோபர் அறிவிப்புலயே 15 வருஷம் தாண்டின இலகு ரக வண்டிக்கு சான்றிதழ் கட்டணம் மட்டும் 7,500ன்னு போட்டாங்க, அதுக்கப்புறமும் வயசுக்கேத்த மாதிரி ஏத்தியிருக்காங்க, அதனால உங்க வண்டி வயசுக்கு இன்னிக்கு என்ன ரேட்னு ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டே கணக்கு போடுங்க. கட்டணம் மட்டும் இல்ல, டிங்கரிங், பெயின்ட், டயர், ஸ்டிக்கர், ஒரு வாரம் வண்டி நிக்கறது எல்லாம் சேத்தா தான் எஃப்சி செலவு. 7 வருஷம் தாண்டினா பசுமை வரியும் உண்டு, அது பெரிய தொகை இல்ல. மெஷின்ல பிரேக்கையும் புகையையும் டெஸ்ட் பண்ற ஸ்டேஷன்கள் ஒவ்வொண்ணா வந்துட்டு இருக்கறதால, ஆள் பாத்து பாஸ் பண்ற காலம் ரொம்ப நாள் ஓடாது.

ஆக 14 வருஷ வண்டிக்கும் 9 வருஷ வண்டிக்கும் ஒரே இன்ஜின் கோளாறு வந்தாலும் பதில் ஒண்ணா இருக்காது. 9 வருஷ வண்டின்னா வேலை பாத்த காசை எடுக்க முன்னாடி ஆறு வருஷம் இருக்கு. 14 வருஷம்னா, கட்டணம் எகிறப் போற 15 வருஷக் கோட்டுக்கு ஒரு வருஷம் தான் மிச்சம், அங்க நான் முழு இன்ஜின் வேலைக்குப் போக மாட்டேன், சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி பழைய சாமான் மார்க்கெட்ல ஓடற நிலைல ஒரு பழைய இன்ஜின் கிடைக்குதான்னு பாப்பேன். அப்படி மாத்தினா இன்ஜின் நம்பரை ஆர்டிஓல சொல்லி ஆர்சில ஏத்தியே ஆகணும், இல்லேன்னா எஃப்சிலயும் மாட்டும், ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரனும் அதையே பிடிச்சுப்பான். இன்ஜின் வாங்கறப்ப அது எந்த வண்டில இருந்து வந்ததுன்னு பில், பழைய ஆர்சி நகல் வாங்காம கை வைக்காதீங்க, திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா உங்களையும் சேத்து தான் விசாரிப்பாங்க.

இன்சூரன்ஸ்ல பலர் கவனிக்காத ஒண்ணு. சரக்கு வண்டிக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் எடையைப் பொறுத்தது, வயசைப் பொறுத்தது இல்ல. வாடகைக்கு ஓடற வண்டிக்கு மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் 2022 அறிவிப்புப்படி 16,049 ரூபா, வரி தனி. பழசுக்கும் அதே, புதுசுக்கும் அதே. புது வண்டிக்கு அதுக்கு மேல நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் சேரும், லோன்ல எடுத்தா பைனான்ஸ்காரன் அதைப் போடாம விடவும் மாட்டான். டியூ கணக்குல இதையும் ஒரு மூலைல எழுதிக்கங்க.

மாத்தறதுன்னே முடிவு பண்ணிட்டா ரெண்டு விஷயம் இப்போ சாதகமா இருக்கு. 2025 செப்டம்பர் 22ல இருந்து சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு, வரிக்கு முன்னாடி 6 லட்சம் விலைன்னா 60,000 ரூபா குறைஞ்ச கணக்கு, ஜிஎஸ்டி பதிவு இருக்கற வியாபாரி சொந்த சரக்குக்கு வண்டி எடுத்தா அந்த வரியை உள்ளீட்டு வரியா கழிச்சுக்கவும் வழி இருக்கு, ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க. ஆனா புது வண்டி விலை குறைஞ்சா பழைய வண்டி ரேட்டும் அதுக்கேத்த மாதிரி இறங்கத்தான் செய்யும், போன வருஷம் புரோக்கர் சொன்ன விலையையே மனசுல வெச்சுட்டு உக்காந்திருக்காதீங்க. இன்னொண்ணு ஸ்கிராப். இத்துப் போன சேஸ் வண்டியை பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல குடுத்தா டெபாசிட் சர்டிபிகேட் ஒண்ணு தருவாங்க, அதைக் காட்டினா புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் விலக்கு, சரக்கு வண்டிக்கு சாலை வரில 15 சதவீதம் வரைக்கும் மாநிலங்கள் சலுகை தரலாம்னு விதி, கம்பெனிக்காரங்களும் டிஸ்கவுன்ட் குடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. எடைக்குப் போடற கடைல கொஞ்சம் அதிகமா குடுக்கறான்னு அங்க தள்ளிட்டா இந்தச் சலுகையெல்லாம் கிடைக்காது, ஆர்சியும் உங்க பேர்லயே உயிரோட இருக்கும்.

ரெண்டுக்கும் நடுவுல சீசிங் வண்டின்னு ஒரு வழி இருக்கு, டியூ கட்டாம பைனான்ஸ் கம்பெனி தூக்கிட்டு வந்த நாலஞ்சு வருஷ வண்டி. விலை நல்லா இருக்கும், ஆனா டியூவே கட்ட முடியாதவர் ஆயில் மாத்தியிருப்பார்னு எதிர்பாக்காதீங்க, யார்டுல மாசக்கணக்கா வெயில்லயும் மழைலயும் நின்னிருக்கும். நிலுவைல இருக்கற சலான், வரி பாக்கி, எஃப்சி தேதி மூணையும் பரிவாகன் வெப்சைட்ல வண்டி நம்பர் போட்டுப் பாத்துட்டு, லோன் பாக்கி இல்லேன்னு பைனான்ஸ்காரன் தர்ற என்ஓசி கைக்கு வர்ற வரைக்கும் முழுப் பணத்தையும் குடுக்காதீங்க. கூட உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, புரோக்கர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேண்டாம்.

பழைய வண்டியை வெளில விக்கறதா இருந்தா பேர் மாத்தறதுக்கான வெறும் ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு பணத்தை வாங்கிட்டு வந்துடறது நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா நடக்குது. வாங்கினவன் பேர் மாத்தாமலே இன்னொருத்தனுக்கு வித்துடுவான், அவன் மணல் லோடுல மாட்டுவான், நோட்டீஸ் ஆர்சில இருக்கற பேருக்குத் தான் வரும். விலைல ரெண்டாயிரம் மூவாயிரம் குறைச்சாவது பேர் மாத்தற செலவை நீங்களே கட்டி, கூடவே போய் மாத்தி விடுங்க, புது ஆர்சில அவன் பேர் வந்ததை ஆன்லைன்ல பாத்த பிறகு பழைய இன்சூரன்ஸ்ல உங்களுக்கு வர வேண்டிய நோ கிளைம் போனஸ் சர்டிபிகேட்டையும் மறக்காம கேட்டு வாங்கிக்கங்க, புது வண்டி ஓன் டேமேஜ் பிரீமியத்துல அது குறையும்.